எழுபதுக்குக் கீழே

பாலத்தின் பாதி ஏற்றத்தில் இன்ஜின் விழித்துக்கொண்டது. ஆய்வாளர் ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தார். பக்கத்து இருக்கையிலிருந்த மனைவி கையை உயர்த்தி, "அப்புறம் சொல்லுங்க, ஒண்ணும் கேக்கல" என்றாள். மீதி வாக்கியத்தை அவர் விழுங்கினார். வீடு வர இன்னும் ஆறு கிலோமீட்டர் இருந்தது.

அது மின்சாரத்திலும் ஓடும், பெட்ரோலிலும் ஓடும் கார். இரவு வீட்டில் சார்ஜ் போட்டுவிட்டால் மறுநாள் பேட்டரி தீரும்வரை சத்தமில்லாமல் ஓடும். தீர்ந்ததும் பெட்ரோல் இன்ஜின் தானாகக் கிளம்பிவிடும். ஏழரை வருடத்துக்கு முன்னால் புதிதாக வாங்கியபோது ஒரு சார்ஜுக்கு ஐம்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடியது. வீட்டிலிருந்து அலுவலகம் இருபத்தொன்று. மனைவி நூலகராக வேலை பார்க்கும் கல்லூரி அலுவலகத்துக்கு அடுத்த தெருவில்தான். போக வர நாற்பத்திரண்டு போக, பத்து கிலோமீட்டர் கையில் மிச்சம் நிற்கும். மூன்று மாதம் ஆற அமர யோசித்த பிறகுதான் அவர் அந்தக் காரை வாங்கினார்.

பெட்ரோல் மிச்சம் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை. மனைவிக்கு ஒரு காய்ச்சலுக்குப் பிறகு இரண்டு காதும் பாதிதான் கேட்கும். நாள் முழுக்க காது மெஷின் போட்டிருப்பாள். நூலகம் என்றால் அமைதி என்று நினைக்கிறோம். நாற்காலி இழுபடுவதும், புத்தகம் பொத்தென்று விழுவதும், மாணவர்களின் கிசுகிசுப்பும் அந்த மெஷினுக்குள் புகுந்தால் சந்தைக்கடைதான். அதனால் சாயங்காலம் காரில் ஏறியதும் முதல் வேலையாக அதைக் கழற்றி மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள் போட்டுவிடுவாள். சத்தமில்லாத காரில் அவர் கொஞ்சம் குரலை உயர்த்தினாலே வெறும் காதில் கேட்கும். மகளின் கல்யாணம், மாமனாரின் மருத்துவச் செலவு, ஒழுகும் கூரை என்று ஏழு வருடமாக அந்தக் குடும்பத்தின் சட்டசபை கூடியது அந்த இருபத்தொரு கிலோமீட்டரில்தான்.

போன வருடம் ஒருநாள் தங்கள் தெருமுனையில் இன்ஜின் விழித்தது. இரண்டு மாதம் கழித்துப் பள்ளிக்கூடத்து மதில் பக்கம். பிறகு ரயில்வே கேட். இப்போது பாலம். எந்தத் தேதியில் எந்த இடம் என்று ஆய்வாளர் ஒரு சின்ன நோட்டில் எழுதி வைத்திருந்தார். அது தொழில் பழக்கம். அவர் எடை அளவு ஆய்வாளர். கடைத்தெருவில் தராசையும் எடைக்கல்லையும் பெட்ரோல் பங்கில் அளவையும் சோதித்து முத்திரை வைப்பவர். இருபத்தாறு வருட சர்வீஸ். அவர் சந்தைக்குள் நுழைந்தால், "மில்லிகிராம் வர்றாரு" என்று கடைக்குக் கடை சேதி ஓடும்.

காரோடு வந்த வாரண்டிப் புத்தகத்தை நான்கு முறை படித்தார். பேட்டரிக்கு எட்டு வருடம். அதற்குள் அதன் கொள்ளளவு நூற்றுக்கு எழுபதுக்குக் கீழே போனால் கம்பெனி மாற்றித் தரும். இன்னும் ஐந்து மாதம் இருந்தது.

சர்வீஸ் சென்டரில் மேனேஜர் நல்ல மனிதர் போல்தான் பேசினார். "வயசானா இது சகஜம் சார். நமக்கே முடி கொட்டலையா?"

ஆய்வாளருக்குத் தலையில் கொட்டுவதற்கு ஒன்றும் பாக்கியில்லை. "என் முடிக்கு யாரும் எட்டு வருஷ வாரண்டி குடுக்கலீங்க" என்றார்.

மேனேஜர் சிரித்துவிட்டு காரை டெஸ்டுக்கு அனுப்பினார். இரண்டு மணி நேரத்தில் காகிதம் வந்தது. எழுபத்தொன்று புள்ளி இரண்டு.

"நல்லாத்தான் இருக்கு சார். எழுபதுக்குக் கீழ போனா வாங்க."

அடுத்த மாதம் போனபோது சாஃப்ட்வேரைப் புதுப்பித்துத் தந்தார்கள். கார்த் திரையில் நாற்பத்தாறு கிலோமீட்டர் என்று காட்டியது. மனைவிக்குச் சந்தோஷம். அன்று சாயங்காலம் இன்ஜின் பாலத்தில் ஏறுவதற்கு முன்பே விழித்துக்கொண்டது. ஆய்வாளருக்கு இது தெரிந்த வித்தைதான். தராசின் முள்ளை நகர்த்தி வைத்தால் தட்டில் இருக்கும் காய் கூடிவிடாது. எத்தனை கடைக்காரர்களுக்கு இதற்காக அபராதம் போட்டிருக்கிறார்!

கம்பெனியின் குறைதீர்ப்பு எண்ணுக்குப் போன் செய்தார். ஒவ்வொரு முறையும் வேறு ஒரு குரல். ஒவ்வொரு முறையும் கதையை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஐந்தாவது முறை சொல்லும்போது அவருக்கே அது வேறு யாருடைய கதையோ போல் இருந்தது. கடைசியில் ஒரு மின்னஞ்சல் வந்தது. 'தங்கள் கவலையைப் புரிந்துகொள்கிறோம்' என்று இருந்தது. புரிந்துகொண்டவர் யார் என்று கீழே பெயரில்லை.

மூன்றாவது முறை சர்வீஸ் சென்டருக்குப் போனபோது, "உங்க டெஸ்ட் மெஷின் சரியா இருக்கான்னு யாருங்க சோதிக்கிறாங்க?" என்று கேட்டார்.

"கம்பெனிதான் சார்."

"மெஷினும் கம்பெனியோடது, சோதிக்கிறதும் கம்பெனி. வேலிக்கு ஓணான் சாட்சி."

மேனேஜர் இந்த முறை சிரிக்கவில்லை.

வெளியே காரை எடுக்கப் போனபோது பேட்டரிப் பிரிவில் வேலை பார்க்கும் பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். முழங்கை வரை தடித்த ரப்பர் கையுறை. டயரில் காற்றைப் பார்ப்பவள் போலக் குனிந்துகொண்டு பேசினாள்.

"சார், வண்டியை ராத்திரி முழுக்க நிழல்ல நிறுத்தி, பேட்டரி ஆறினதுக்கு அப்புறம்தான் டெஸ்ட் பண்ணணும்னு கம்பெனி விதியிலயே இருக்கு. சூடா இருந்தா கொஞ்சம் கூடத்தான் காட்டும். நீங்க வெயில்ல ஓட்டிட்டு வந்து நிறுத்தினதும் நாங்க மாட்டிடறோம். இங்க நிறுத்தி வைக்க இடமும் இல்ல, நேரமும் இல்ல."

"அப்போ எல்லாருக்கும் இப்படித்தானா?"

"எழுத்துல கேளுங்க சார். நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாதீங்க." நிமிர்ந்து, "காத்து சரியா இருக்கு சார்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

எழுத்தில் கேட்டார். பதில் வர மூன்று வாரம் ஆயிற்று. மேனேஜர் தன் அறைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்து, அந்த மாதிரி டெஸ்டுக்கு இரண்டு மாதத்துக்கு இடமில்லை என்றார். வாரண்டி முடிய ஆறு வாரம்தான் இருந்தது. அதைச் சொன்னதும் மேனேஜர் கதவைப் பார்த்தார், பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"சார் எடை அளவு டிபார்ட்மெண்ட்தானே? நம்ம முதலாளிக்குப் பைபாஸ்ல ஒரு பெட்ரோல் பங்க் இருக்கு. ஒருத்தருக்கொருத்தர் பாத்துக்கிட்டா எல்லாமே நடக்கும் சார்."

ஆய்வாளர் எழுந்துவிட்டார். "நான் கார் விஷயமா வந்தேன்" என்றார். வாசல் வரை வந்த பிறகுதான் குடையை உள்ளே விட்டுவிட்டது தெரிந்தது. திரும்பிப் போய் எடுக்க மனம் வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சகலை வந்திருந்தார். மனைவியின் அக்கா புருஷன். இந்தக் கார் வாங்கும்போதே, "ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால், வேணாம் சகலை" என்று சொன்னவர். தான் சொன்னதை ஏழரை வருடமாக யாரும் மறந்துவிடாமல் பார்த்துக்கொள்பவர். விஷயத்தைக் கேட்டதும் தொடையைத் தட்டினார்.

"பழம் நழுவிப் பால்ல விழுந்திருக்கு, நீங்க எழுந்து வந்தீங்களா? ஒரு தடவை அந்தப் பங்க்ல போய்ச் சும்மா நில்லுங்க சகலை. நின்னா போதும். பேட்டரி தானா உங்க வீட்டு வாசலுக்கு வரும்."

"அப்படி நிக்கிறதுக்கா இருபத்தாறு வருஷம் நடந்தேன்?" என்றார் ஆய்வாளர். சொன்னபோது குரலில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது.

ஆனால் நிற்கத்தான் வேண்டியிருந்தது. அந்தப் பங்கின் வருடாந்தர முத்திரை அடுத்த வாரப் பட்டியலில் இருந்தது, அவர் பெயருக்கு எதிரே. மேலதிகாரியிடம் போய், வேறு யாரையாவது அனுப்பும்படி கேட்டார். காரணத்தையும் சொன்னார். அதிகாரி கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே, "ரெண்டு பேர் லீவு, ஒருத்தர் டிரெய்னிங். உங்க கார் பேட்டரிக்காகப் பங்கை மூடி வைக்கச் சொல்றீங்களா? போய்ட்டு வாங்க" என்றார்.

போனார். பங்கில் ஆறு குழாய்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து லிட்டர் அளவுக் குவளையில் பிடித்துப் பார்க்க வேண்டும். ஐந்து லிட்டருக்கு இருபத்தைந்து மில்லி வரை குறையலாம் என்பது சட்டம். அதற்கு மேல் குறைந்தால் குழாயை மூடி சீல் வைத்துவிடலாம். முதல் மூன்றும் சரியாக இருந்தன. நான்காவதில் இருபத்துமூன்று குறைந்தது.

குவளையின் கழுத்துக் கண்ணாடிக்கு நேராகக் கண்ணை வைத்துக் குந்தியிருந்தவர் உடனே எழவில்லை. மறுபடி பிடிக்கச் சொன்னார். இருபத்திரண்டு. மறுபடி. இருபத்துமூன்று. பங்க் கணக்கர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். ஆய்வாளருக்குத் தன்மேலேயே வெட்கமாக இருந்தது, ஏனென்றால் மூன்றாவது முறை பிடிக்கச் சொன்னது சந்தேகத்தால் அல்ல. இன்னும் மூன்று மில்லி குறைந்தால் என்ன என்று உள்ளுக்குள் ஒன்று கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த மேனேஜரின் முகம் எப்படி மாறும் என்றுகூட அது காட்டியது.

முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "எல்லைக்குள்ளதான் இருக்கு. பாஸ். ஆனா ஆளைக் கூப்பிட்டுச் சரி பண்ணி வைங்க" என்றார்.

எல்லைக்குள்ளதான் இருக்கு. இதே வார்த்தையை, இதே குரலில், அளவு குறைகிறது என்று புகார் கொண்டு வந்த எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்! அவர்களும் நோட்டில் எழுதி வைத்திருந்தார்கள். அவர்களும் ஒன்றும் பேசாமல்தான் போனார்கள். முத்திரையைக் குத்திவிட்டுத் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மேனேஜரின் போன் வந்தது. குரலில் தேன் சொட்டியது.

"ரொம்ப நன்றி சார். பங்க்லேருந்து சொன்னாங்க. இனிமே உங்க விஷயம் என் பொறுப்பு."

ஆய்வாளர் அவசரமாக மறித்தார். "நான் அங்க ஒண்ணும் பண்ணலீங்க. அளவு சரியா இருந்துச்சு, பாஸ் பண்ணேன்."

"அதேதான் சார், அதேதான்" என்று மேனேஜர் சிரித்தார்.

சாயங்காலம் காரில் மனைவியிடம் சொன்னார். பாலம் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று வேகமாகச் சொன்னார். அவள் அவர் உதட்டையே பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இப்போ வேண்டாம்னு சொல்லப்போறீங்களா?"

"ஏன் சொல்லணும்? அது நமக்கு வர வேண்டியது. ஆனா வந்தா லஞ்சம்னுதான் ஊரு சொல்லும். அந்த ஆளே அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருக்கான்."

அவள் தலையை ஆட்டினாள். "பனைமரத்தடியில பால் குடிச்சாச்சு. இனிமே டம்ளரைக் கவுத்துக் காட்டினாலும் யாரும் நம்பப் போறதில்ல. ராத்திரி படுத்தா உங்களுக்குத் தூக்கம் வரணும், அதுக்கு என்ன பண்ணணுமோ அதைப் பண்ணுங்க. அவ்வளவுதான்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இன்ஜின் முந்திக்கொண்டது.

மறுநாள் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அந்தப் பங்கின் முதலாளியுடைய சர்வீஸ் சென்டரில் தன் கார் சம்பந்தமாக ஒரு வாரண்டி கோரிக்கை இருக்கிறது. பங்கின் அளவுகளை வேறு ஒரு ஆய்வாளர் மறுபடி சோதித்துப் பார்க்க வேண்டும் என்று அதில் கேட்டிருந்தார். அதிகாரி அதைப் படித்துவிட்டு, "ஒரு பேட்டரிக்கு இத்தனை காகிதமாய்யா?" என்று தலையில் கை வைத்தார். ஆனால் லீவு முடிந்து வந்தவரை அனுப்பினார். நான்காவது குழாயை அதற்குள் சரிசெய்திருந்தார்கள். ஐந்து மில்லிதான் குறைந்தது. ஆய்வாளரின் மனசு அப்போதும் ஆறவில்லை. நேற்று இருந்ததை இன்று யார் நிரூபிப்பது?

மேனேஜரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "விதிப்படி டெஸ்ட் பண்ணுங்க. நான் பக்கத்துல இருப்பேன். எழுபத்தொன்னு வந்தா எழுபத்தொன்னு. வாங்கிட்டுப் போயிடறேன்." இரண்டு மாதத்துக்கு இல்லாத இடம் இரண்டு நாளில் கிடைத்தது. அதுவும் அவருக்குக் கசந்தது.

முதல் நாள் சாயங்காலமே காரைக் கொண்டுபோய் உள்கொட்டகையில் நிறுத்தினார். மறுநாள் லீவு போட்டுவிட்டு எட்டு மணிக்குப் போனார். பேட்டரிப் பிரிவுப் பெண் வெப்பத்தைக் காட்டினாள், இருபத்துநான்கு டிகிரி. கேபிளை மாட்டினாள். உள்ளே இருக்கும் மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்து, மொத்தம் எவ்வளவு என்று மெஷின் கூட்டிக்கொண்டே போகும். ஆய்வாளர் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிடக்கூட எழவில்லை, மனைவி கட்டிக்கொடுத்ததை அங்கேயே பிரித்துச் சாப்பிட்டார். முதுகு வலித்தது. மத்தியானம் ஒருமுறை கண் சொக்கியது, எழுந்து நின்றுகொண்டார்.

நான்கு மணிக்கு மெஷின் நின்றது. அறுபத்தொன்பது புள்ளி நான்கு.

"சார், கிடைச்சிடுச்சு!" என்றாள் அவள்.

அவருக்கு மகிழ்ச்சி வரும் என்று நினைத்திருந்தார். வரவில்லை. "உங்ககிட்ட யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டுவிட்டார்.

அவள் முகம் மாறியது. கையுறையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "காலைலேருந்து என் கையைத்தானே சார் பாத்துக்கிட்டு இருந்தீங்க? இன்னும் என்ன பாக்கணும்?"

"தப்பா கேட்டுட்டேம்மா. மன்னிச்சிடுங்க."

"பரவாயில்ல சார்" என்றாள். பரவாயில்லை என்ற குரல் அல்ல அது. காகிதத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். வாரண்டி முடிய இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது.

கம்பெனி கோரிக்கையை ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்தது. பேட்டரி வரவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம் என்று நான்கு மாதம் போனது. கப்பலில் இருக்கிறது என்றார்கள். துறைமுகத்தில் இருக்கிறது என்றார்கள். கோடவுனில் இருக்கிறது, ஆனால் எந்தக் கோடவுன் என்று பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். இதற்கிடையில் சகலை ஒருநாள் வந்து கண்ணடித்தார். "பங்க்ல கவனிச்சிட்டீங்க போல. நான் அன்னிக்கே சொல்லல?" ஆய்வாளர் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். மூன்றாவது வாக்கியத்தில் நிறுத்திவிட்டார். சகலை நம்பியதும் பாராட்டியதும் ஒரே விஷயத்தைத்தான். அதைக் கலைப்பது அவரால் ஆகிற காரியமில்லை.

கடைசியில் ஒரு வியாழக்கிழமை வரச்சொன்னார்கள். பேட்டரி மாட்டியாகிவிட்டது. மேனேஜர் காகிதங்களை நீட்டினார்.

"புதுசா?" என்று கேட்டார் ஆய்வாளர்.

"புதுசு இல்ல சார், புதுப்பிச்சது. வாரண்டியில அப்படித்தான் குடுப்பாங்க. எண்பத்திரண்டு சதவீதம் இருக்கு."

"இதுக்கு வாரண்டி எவ்வளவு நாள்?"

"பழைய வாரண்டி முடியற தேதி வரைக்கும் சார்."

"அது மூணு மாசம் முன்னாடியே முடிஞ்சுபோச்சே."

"ஆமா சார்" என்றார் மேனேஜர்.

ஆய்வாளர் காகிதங்களைப் புரட்டினார். சண்டை போடுவதற்கு வேண்டிய வார்த்தைகள் எல்லாம் இருந்தன, விதி எண்களோடு இருந்தன. அவற்றைத் தூக்கி வெளியே வைக்கத்தான் தெம்பில்லை. எண்பத்திரண்டு என்றால் நாற்பத்திரண்டு கிலோமீட்டரும் கொஞ்சமும். வீடுவரை போதும். எத்தனை நாளைக்கு என்று மனசு கேட்டதற்குப் பதில் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார்.

கொட்டகையில் சாவியை அந்தப் பெண்தான் கொடுத்தாள். கூடவே ஒரு அட்டையையும் பேனாவையும் நீட்டினாள். எங்கள் சேவை எப்படி இருந்தது, ஐந்துக்கு எத்தனை என்று வட்டமிட வேண்டும்.

"அஞ்சு போட்டாத்தான் சார் எங்களுக்குக் கணக்கு" என்றாள் தயங்கி. "நாலு போட்டாலும் ஃபெயில்தான். ஏன் குறைஞ்சுதுன்னு என்னைத்தான் கூப்பிட்டுக் கேப்பாங்க."

இருபத்தாறு வருடத்தில் அவர் எந்த எண்ணையும் அரை மில்லிகூட ஏற்றி எழுதியதில்லை. கம்பெனிக்கு ஒன்று போடலாம். மேனேஜருக்கு அதுவும் அதிகம். இவளுக்கு ஐந்துக்கு மேலேயே போடலாம். தனித்தனியாக எழுத இடமிருக்கிறதா என்று அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் கம்பெனியின் புதுக் கார் விளம்பரம் இருந்தது. முன்பக்கம் திருப்பி ஐந்தின்மேல் வட்டம் போட்டுக் கொடுத்தார்.

"தேங்க்ஸ் சார்" என்று அவள் அட்டையை மேல்பையில் வைத்துக்கொண்டு அடுத்த காரின் மூடியைத் திறக்கப் போனாள்.

அதுவும் இதே ரகக் கார்தான். அதன் பக்கத்தில் கையில் வாரண்டிப் புத்தகத்தோடு ஒருவர் நின்றுகொண்டிருந்தார். புத்தகத்தின் நடுவே விரலை வைத்து அடையாளம் பிடித்திருந்தார்.

"உங்களுக்குக் கிடைச்சுதுங்களா?" என்று அவர் கேட்டார்.

"கிடைச்சுது."

"புது பேட்டரியா?"

ஆய்வாளர் சாவியைக் கையில் உருட்டினார். "பழசுல நல்லதா ஒண்ணு" என்றார்.